சொர்ணத்தாய் காட்டு வெடிப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று சித்திரை பன்னிரண்டாம் தேதி, புதூருக்குத் தெற்கே ஊசிமேட்டுப்பட்டியில், சொர்ணத்தாய் காட்டில் விழுந்திருந்த வெடிப்புக்குள்ளிருந்து பனிக்கட்டி வந்தது. அதே வாரத்தில்தான் கோவில்பட்டி பஸ் ஏழு மணிக்குப் பதில் ஏழே காலுக்கு வர ஆரம்பித்தது. ஊருணிக் கரையில் நின்ற கிழட்டு உடைமரமும் சாய்ந்தது. ஊரில் பஸ்ஸைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கால் மணி நேரத் தாமதம் பலருடைய பிழைப்பில் கை வைத்தது. பனிக்கட்டி யார் பிழைப்பிலும் கை வைக்கவில்லை, அப்போதைக்கு.

சொர்ணத்தாய் அன்று அடுப்பெரிக்கப் பருத்திமார்க் குச்சி வெட்டப் போயிருந்தாள். கரிசல் காடு கோடையில் பாளம் பாளமாக வெடிப்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டுக்கால் மாட்டி ஒடியும், செருப்பு விழுந்தால் செருப்பு போனதுதான், வெடிப்புக்குள் விழுந்த சாமானை யாரும் தேடுவதில்லை. அவள் அரிவாள் கைநழுவி உள்ளே போனதும் அவளும் முதலில் விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் அது புருஷன் பூவனநாதன் நாகலாபுரத்துக் கொல்லனிடம் நின்று அடித்து வாங்கிக் கொடுத்த அரிவாள். குப்புறப் படுத்துத் தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். மேலே முதுகு தீய்ந்துகொண்டிருக்க, உள்ளே கை விறைத்துப்போனது. பதறி இழுத்தபோது கையோடு அரிவாள் வந்தது. அதன் பிடியைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்கு வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. வெயிலில் அது உருகி அவள் சேலையில் சொட்டியது. அவள் அதை மடியில் போட்டு மூடிக்கொண்டு, இரண்டு மைல் நடந்து புதூரில் சர்பத் கடை வைத்திருந்த ஜமால் முகம்மதுவிடம் கொண்டுபோனாள். அந்த வட்டாரத்தில் ஐஸைப் பற்றி விவரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தூத்துக்குடியிலிருந்து மரத்தூளில் புதைத்து வரும் கட்டியை உடைத்து உடைத்து அவர் விரல் நகமெல்லாம் வெளுத்திருந்தது.

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு சில்லை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கட்டிக்குள் ஊசிபோல் ஒரு பச்சை இலை இருந்தது, அந்தச் சீமையில் எந்த மரத்திலும் இல்லாத இலை.

"இது மிஷின்ல செஞ்சதில்ல தாயி. வானத்துலேர்ந்து விழுந்தது," என்றார். "இதப் போட்டு சர்பத்து விக்க எனக்கு மனசு வராது. வீட்டுக்குக் கொண்டு போ."

வீடு வந்து சேர்வதற்குள் இலைதான் மிச்சம் இருந்தது. சொர்ணத்தாய் அதைக் குங்குமச் சிமிழுக்குள் வைத்தாள்.

குங்குமச் சிமிழ் அவளிடம் இன்னும் இருந்ததே ஊருக்கு ஒரு வருத்தம். அவள் புருஷன் பூவனநாதன் சீனாக்காரன் சண்டையில் செத்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பூவனநாதன் பெரிய வீரன் என்று யாரும் சொன்னதில்லை, அவனே சிரித்திருப்பான். கோவில்பட்டிச் சாமியிடம் தவம் கிடந்து பெற்றதால் அந்தச் சாமியின் பெயர். பெற்ற கையோடு தாய் போய்விட்டாள். தகப்பன் கருத்தையா கம்மங்கூழ் ஊட்டி வளர்த்தார். ஐம்பத்து மூன்றில் இரண்டு வருஷம் தொடர்ந்து வானம் பொய்த்தபோது, பத்தொன்பது வயதில், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திருநெல்வேலிக்கு நடந்தே போய் நெஞ்சை விரித்துக் காட்டினான். பட்டாளத்தில் ஒன்பது வருஷம் சுமை தூக்கினான், பள்ளம் தோண்டினான், பிடிக்காத ரொட்டியைத் தின்றான். ஒரு மெடல் கிடையாது, ஒரு தண்டனையும் கிடையாது. ஐம்பத்தாறில் நாகலாபுரத்துச் சொர்ணத்தாயைக் கட்டினான். அதன்பின் வருஷா வருஷம் புரட்டாசியில் விதைப்புக்கு லீவில் வந்து போனான். அவர்கள் சேர்ந்து இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது. அதற்குள் ஒரு பெண் பிள்ளை, செண்பகம், பிறந்துவிட்டாள். சாப்பிட உட்காரும் முன் தொண்டையை இரண்டு தரம் செருமுவது அவன் பழக்கம். அந்தச் சத்தம் கேட்டால் சொர்ணத்தாய் உலையடியில் இருந்தாலும் எழுந்து வந்துவிடுவாள்.

கடைசி லீவு அறுபத்தொன்று ஐப்பசியில் முடிந்தது. கிளம்புகிற அன்று நல்ல மழை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ரோட்டைச் சுற்றாமல் பூட்ஸோடு காட்டுக்குள் இறங்கிக் குறுக்கே நடந்தான். நனைந்த கரிசலில் செருப்போடு நடப்பவனே பைத்தியக்காரன்; இவன் பூட்ஸோடு நடந்தான். மண் அப்பி அப்பி ஒவ்வொரு காலும் ஒரு மரக்கால் கனம் கனத்தது. பின்னால் குடை பிடித்து வந்த சொர்ணத்தாய், "கழுவிட்டுப் போங்க," என்று கத்தினாள். "கெடக்கட்டும்ட்டி. காஞ்சா தானா உதுந்துரும்," என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறினான். அடுத்த வருஷம் ஆவணியில் மலையுச்சியிலிருந்து வந்த கடிதத்தைத் தபால்காரர்தான் வாசித்தார். எச்சிலைத் துப்பினால் கீழே விழுமுன் கல்லாகிவிடுகிறது என்று எழுதியிருந்தான். பார்க்கிற இடமெல்லாம் வெள்ளை, என் பூட்ஸ் அடியில் மட்டும் நம் கரிசல் கறுப்பாய் இருக்கிறது, எவ்வளவோ நடந்துவிட்டேன், இன்னும் உதிரவில்லை, படுக்குமுன் தினமும் பார்த்துக்கொள்கிறேன் என்றும் எழுதியிருந்தான்.

கார்த்திகையில் தந்தி வந்தது. ஆளைக் காணவில்லை என்றது. மாசியில் கடுதாசி வந்தது. ஆள் இறந்துவிட்டார், உடல் கிடைக்கவில்லை என்றது. இரண்டு தடவையும் ஊர்ப்பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மாரடிக்க வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். ஒப்பாரிக்குப் பேர் போன முத்துமாரியம்மாள் முதல் அடியை எடுத்தும்விட்டாள். சொர்ணத்தாய் வெளியே வந்து, "யாரும் பொணத்தப் பாத்தியளா? எந்திரிச்சுப் போங்க," என்றாள். போய்விட்டார்கள். கடுதாசியைக் கம்பு கொட்டி வைக்கும் குலுக்கைக்கு அடியில் சொருகினாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. அவள் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவர்கள் உண்டு. நெஞ்சு கல்லாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் வெடிப்பில் பனி வந்தது. கருத்தையாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. மருமகள் கையைப் பிடித்துக் காட்டுக்கு வந்து, குனிந்து, வெடிப்பின் வாயில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். "நம்ம மண்ணு அவன் பூட்ஸோட அங்கன போயிருக்குல்லா தாயி," என்றார் கடைசியில். "அங்கன வெடிச்சிருக்கு. அந்த வெடிப்பும் இந்த வெடிப்பும் ஒண்ணுதான்." இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தைப் பின்னால் வந்த யாரும் சொல்லவில்லை. காலேஜில் படித்த ஒருவர் சாத்தூரிலிருந்து வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கண்ணாடி ஆவி படிந்து மங்கியது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்றே நாளில் ஊர் பழகிக்கொண்டது. நீச்சுத்தண்ணிக் கலயத்தைக் கயிறு கட்டி உள்ளே இறக்கி வைத்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போனார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளை ஓரத்தில் கிடத்தி எடுத்துப் போனார்கள். சொர்ணத்தாய் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மத்தியான நேரம் மட்டும் தனக்கு வேண்டும் என்றாள். உச்சி வெயிலில் காட்டில் யாரும் இல்லாத பொழுது, முந்தானையை மண்ணில் விரித்து, காதை வெடிப்போடு ஒட்டிப் படுத்துக்கொள்வாள். முதலில் காற்று மட்டும் கேட்டது. பிறகு கனமான கால்கள் பொறுக்கு மண்ணை மிதிப்பதுபோல் நறநற என்று ஒரு சத்தம். வைகாசி முதல் செவ்வாய்க்கிழமை, வெகு தூரத்தில், வெகு ஆழத்தில், ஒருவர் தொண்டையை இரண்டு தரம் செருமினார். சொர்ணத்தாய் பாய்ந்து எழுந்துவிட்டாள். அப்புறம்தான், தான் எழுந்து பரிமாற அங்கே சோறு இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. மறுநாளிலிருந்து ஒரு தூக்குச் சட்டியில் கம்மஞ்சோறு கொண்டுவந்து வெடிப்புக்குள் இறக்கினாள். சட்டி ஒவ்வொரு நாளும் காலியாகத்தான் மேலே வந்தது. எலியாக இருக்கும் என்றார்கள். எலி சட்டியைக் கழுவித் தராது. அவளுக்கு அது கழுவித்தான் வந்தது, விளிம்பில் கொஞ்சம் பனியோடு.

அந்தக் கோடைதான் அவள் வாழ்க்கையில் புருஷனோடு சேர்ந்தாற்போல் அதிக நாள் இருந்த காலம்.

கரிசல் வெடிப்புக்கு ஒரு குணம் உண்டு. ஐப்பசி மழையில் மண் ஊறிப் பொங்கி, வெடிப்பு முழுவதும் தானாக மூடிக்கொள்ளும். இருந்த இடம் தெரியாது. இது சொர்ணத்தாய்க்கு ஆவணியிலேயே ஞாபகம் வந்துவிட்டது. புரட்டாசியில் ஊர் மொத்தமும் மழையை நம்பி விதையைக் காய்ந்த மண்ணில் தூவியபோது, அவள் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போய், செண்பகவல்லி அம்மன் முன்னால் நின்று, மழை வேண்டாம் என்று கேட்டாள். சுற்றியிருந்த நூறு கிராமமும் ஒன்று கேட்க, ஒருத்தி மட்டும் மாற்றிக் கேட்டாள். அம்மன் யார் பேச்சைக் கேட்டாளோ தெரியாது. அந்த வருஷம் மழை இல்லை.

அடுத்த வருஷமும் இல்லை. போட்ட விதையை எறும்பு இழுத்துப் போனது. குளத்தூர்ப் பக்கம் உப்பளத்துக்குச் சிலர் போனார்கள், கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுக்குச் சிலர் போனார்கள். சாணி மெழுகாத முற்றங்கள் ஊரில் கூடிக்கொண்டே வந்தன. வெடிப்பு ஓர் ஆள் நீளம், ஓர் ஆள் தோள் அகலம் ஆயிற்று. குனிந்து பார்த்தால் அடியில் வெள்ளையாகத் தெரிந்தது. செண்பகத்தின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. கருத்தையாவின் இரண்டு மாடுகளில் ஒன்று தொழுவத்திலேயே கால் மடங்கிப் படுத்து எழவில்லை. அன்றைக்கு அவர் மருமகளைக் கூப்பிட்டார்.

"தாயி, அவனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சுருவமா? அழாத சாவு இருக்கப்பட்ட ஊருல மழ எறங்காதுன்னு பேசுதாவ."

"மழ பெஞ்சா மூடிக்கிடும் மாமா."

"மூடத்தான செய்யும்."

"அவிய உள்ள இருக்காவ மாமா. சோத்துக்குக் காத்துக் கெடக்காவ."

கிழவர் ஊன்றுகம்பைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தார். மேலே பேசினால் அவரும் அழவேண்டி வரும். தான் அழுதால் அந்தக் காட்டுக் குளிர் நின்றுவிடுமோ என்று அவருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. சாயங்காலத்தில் அவர் தனியாகக் கம்பு ஊன்றிப் போய் அங்கே உள்ளங்கையை வைத்துவிட்டு வருவதைச் சொர்ணத்தாய் அறிவாள். அவள் அறிவாள் என்று அவரும் அறிவார்.

அறுபத்து நான்கு கார்த்திகை பிறந்தும் வானம் வெளுத்தே கிடந்தது. கொடும்பாவி கட்டி இழுப்பதென்று ஊர் கூடி முடிவு செய்தது. அந்தப் பக்கத்து வழக்கம் அது. உலகத்துப் பாவத்தை எல்லாம் செய்த ஒரு பாவி ஊருக்குள் இருப்பதால்தான் மழை வரவில்லை என்று வைத்து, ஆள் உயரப் பொம்மை ஒன்று கட்டி, காலில் கயிறு போட்டுத் தெருத் தெருவாக இழுப்பார்கள். பெண்கள் பின்னால் மாரடித்துப் பொய்யாக அழுவார்கள், பாதிப்பேர் முந்தானைக்குள் சிரிப்பார்கள். கடைசியில் சுடுகாட்டில் கொள்ளி வைத்து எரித்தால் மழை வரும். பொம்மைக்குச் சோளத்தட்டை வேண்டும். மாட்டுக்கே தட்டை இல்லாத வருஷம் என்பதால் பருத்திமாரைக் கட்டினார்கள். உடுத்த வீட்டுக்கு ஒரு பழந்துணி கேட்டு, பொம்மை கட்டிய அய்யாத்துரை வாசல் வாசலாக வந்தான். சொர்ணத்தாய் காட்டில் இருந்தாள். கண் தெரியாத கருத்தையா கொடியில் கைக்கு வந்ததை உருவிக் கொடுத்தார். அவள் மாதாமாதம் துவைத்து உலர்த்தி மடித்து வைக்கும், பூவனநாதனின் பழைய காக்கிச் சட்டையும் கால்சராயும் அது. நல்ல கெட்டித் துணியாக இருக்கிறதே என்று அய்யாத்துரை அதையே பொம்மைக்கு மாட்டிவிட்டான். ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பசி மனுஷனை அப்படி ஆக்கிவிடுகிறது.

மத்தியானம் மூன்று மணிக்குத் தூக்குச் சட்டியோடு காட்டிலிருந்து திரும்பிய சொர்ணத்தாய், கீழத்தெரு முக்கில் மேளச்சத்தத்துக்கு ஒதுங்கி நின்றாள். பெண்கள் சிரித்துக்கொண்டே மார் அடித்து வந்தார்கள். முன்னால் புழுதியில் மல்லாந்து, காக்கி உடுப்போடு, காலில் கயிறோடு, தலை கல்லில் முட்டி முட்டி அது வந்தது. சட்டை இடது முழங்கையில் அவள் போட்ட ஒட்டு இருந்தது.

சட்டி கீழே விழுந்து உருண்டது. அவள் ஓடிப்போய்ப் பொம்மையின் மேல் குப்புற விழுந்தாள். இழுத்தவர்கள் இரண்டடி அவளையும் சேர்த்து இழுத்த பிறகுதான் நின்றார்கள்.

"அவிய என்ன பாவம் செஞ்சாவ? ஏலே அய்யாத்துரை, சொல்லுல! சோறில்லாத பனிக்காட்டுல நின்னு செத்தாவளே, அதா பாவம்? இப்படித் தெருவுல போட்டு இழுக்கியளே!"

செத்தாவளே என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. மேளம் நின்றது. கருத்தையா கூட்டத்துக்குள் தடவித் தடவி வந்தார். உட்கார்ந்து பொம்மையின் மேல் கையை ஓட்டினார். பித்தான்களைத் தொட்டார், முழங்கை ஒட்டைத் தொட்டார். "நாந்தான தாயி எடுத்துக் குடுத்தேன். எம்புள்ளய நானே குடுத்தேன்," என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அப்போது முத்துமாரியம்மாள் கொண்டையை அவிழ்த்தாள். அரைமணி நேரமாகப் பொய்யாகப் பாடிக்கொண்டிருந்த அதே வாய், நிஜமாகத் திறந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் முற்றத்தில் எடுத்து நிறுத்திய அதே அடியிலிருந்து தொடங்கினாள். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஊரே அழுதது. அய்யாத்துரை கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுப் பொம்மையின் காலைத் தன் துண்டால் துடைத்தான்.

யாரும் சொல்லாமலே அதைத் தோளில் தூக்கினார்கள். சுடுகாட்டுப் பாதையில் திரும்பாமல் சொர்ணத்தாய் காட்டுக்கு நடந்தார்கள். சேதி எப்படியோ புதூருக்கு எட்டி, ஜமால் முகம்மது கடையைச் சாத்திவிட்டு ஒரு கோடித்துணியோடு வந்து சேர்ந்தார். துணியைப் போர்த்தி வெடிப்புக்குள் இறக்கினார்கள். நீளமும் அகலமும் அளவெடுத்ததுபோல் சரியாக இருந்தது. கருத்தையா மண் தள்ளினார். ஜமால் முகம்மது துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தங்கள் வழக்கப்படி மூன்று பிடி மண் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். சொர்ணத்தாய் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்து, "இனிமே சோறு கொண்டார மாட்டேன். கோவிச்சுக்காதிய," என்றாள். உள்ளேயிருந்து தொண்டையை இரண்டு தரம் செருமும் சத்தம் வந்தது. அன்று அதை எல்லோரும் கேட்டார்கள். மேளக்காரர்கள் கேட்டார்கள், கைப்பிள்ளைகள் கேட்டன. அவள் வாய்விட்டு அலறி அழுதாள்.

அவள் அழ அழ வெடிப்பிலிருந்து பனி மேலே எழும்பியது. பஞ்சு பறப்பதுபோல் வெள்ளையாக, மெதுவாக, சத்தமில்லாமல் எழும்பி, ஆட்களின் தலைக்கு மேலே போய், பனை உயரத்துக்குப் போய், திரும்பி அந்த மூன்று குறுக்கம் பரப்புக் காட்டின் மேல் மட்டும் இறங்கியது. கரிசல் வெளுத்தது. பெண்களின் அவிழ்ந்த தலைமுடி வெளுத்தது. செண்பகம் வாயைத் திறந்து நாக்கில் வாங்கினாள். கருத்தையா முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு, "வெள்ளையா இருக்குடே, எனக்குத் தெரியுது," என்றார். யாருக்கும் போக மனசில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பனி கனத்து, இளகி, துளியாகி, மழையாயிற்று. மழை காட்டைத் தாண்டி ஊருக்கு வந்தது, ஊரைத் தாண்டிப் புதூருக்கும் நாகலாபுரத்துக்கும் போனது. நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் பார்த்தபோது வெடிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முறையாக நடந்தது. சொர்ணத்தாய் குங்குமச் சிமிழைத் திறந்தாள். குங்குமத்தைக் கொட்டினாள், இலையை வைத்துக்கொண்டாள். கருத்தையா இன்னும் ஆறு வருஷம் இருந்தார். அந்தக் காட்டில் அதற்கப்புறம் எந்தக் கோடையிலும் வெடிப்பு விழவில்லை. ஆனால் ஓர் ஆள் நீளத்துக்கு, யாரும் விதைக்காமல், பருத்தி தானாக முளைத்தது. மறு வருஷம் பங்குனி வெயிலில் அது வெடித்தபோது எடுக்கப் போனவர்கள் கை விறைத்துத் திரும்பினார்கள். கோவில்பட்டி அரவை மில்லில் ஈரப் பருத்தி என்று தள்ளிவிட்டார்கள். எத்தனை வெயிலில் காயப்போட்டாலும் அதன் குளிர் போகவில்லை. சொர்ணத்தாய் அதைக் கையாலேயே கொட்டை நீக்கித் தலையணை தைத்தாள். ஒன்று செண்பகத்துக்கு, ஒன்று தனக்கு, மூன்றாவது ஊருக்குப் பொது. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் அது அந்த வீட்டுக்குப் போய்விட்டுத் துவைத்துத் திரும்பி வரும். பங்குனிதோறும் பருத்தி எடுக்கிற பெண்கள், அந்த வரிசைக்கு வரும்போது மட்டும், பேச்சை நிறுத்தாமலே முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்கிறார்கள்.